ராத்திரி லோடுக்கு எந்த எனர்ஜி டிரிங்க்? ருசி, லேபிள், மூடி மூணையும் பார்த்துச் சொல்லுங்க

முருங்கை லோடு:

வணக்கம் மக்களே. ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுல இருந்து திருச்சூருக்குக் காய்கறி லோடு ஓட்டுறேன். சொந்த வண்டி, பொலிரோ பிக்கப், டியூ இன்னும் 14 பாக்கி. ராத்திரி பத்தரை, பதினொண்ணுக்குக் கெளம்பி பழனி, உடுமலை, பொள்ளாச்சி, கோவிந்தாபுரம் செக்போஸ்ட், நெம்மாறா, வடக்கஞ்சேரின்னு போய் குதிரான் சுரங்கத்தைத் தாண்டிட்டா, அப்புறம் திருச்சூர் வந்த மாதிரிதான். பொள்ளாச்சி வரைக்கும் ஒரு தொந்தரவும் இல்ல. நெம்மாறாகிட்டப் போறப்பத்தான் ரெண்டு கண்ணுலயும் மணலை அள்ளிப் போட்ட மாதிரி ஆயிடுது.

டீ குடிங்கன்னு சொல்லாதீங்க. டீக்கு வண்டிய ஓரங்கட்டினா பத்து நிமிஷம், கூட நாலு வண்டிக்காரங்க நின்னா அரை மணி நேரம். நாலு மணிக்குள்ள மண்டியில எறக்கலைன்னா முருங்கைக்கு விலை எறங்கிடும். கையில எடுத்துக்கிட்டு ஓட்டுற மாதிரி ஒண்ணு வேணும். அதுக்காக ரெண்டு மாசமா கண்ணுல படுற எனர்ஜி டிரிங்க் எல்லாத்தையும் வாங்கிப் பார்த்துட்டேன். என் கணக்கைச் சொல்றேன், தப்பிருந்தா திருத்துங்க.

முதல்ல ரெட்புல். நீலமும் வெள்ளியும் போட்ட ஒல்லிக் கேன், 250 மில்லி, 125 ரூபாய். மொத மடக்குல பேக்கரி டுட்டி ஃப்ரூட்டி கேக்கு. முழுங்கினதுக்கு அப்புறம் நாக்கு ஓரத்துல, சின்ன வயசுல ஆஸ்பத்திரியில கொடுப்பாங்களே அந்த பி காம்ப்ளக்ஸ் மாத்திரையோட வாசம். எனக்கு அந்த வாசம் பிடிக்கும், எங்க அம்மா ஞாபகம் வரும். கிளீனர் பையனுக்குக் குமட்டுது.

ரெண்டாவது ஸ்டிங். சிவப்பு பாட்டில், அதே 250 மில்லி, 20 ரூபாய். திருவிழாவுல சைக்கிள் பெட்டியில வெச்சு விப்பாங்களே சிவப்புக் குச்சி ஐஸ், அது உருகினா எப்படி இருக்குமோ அதுதான். குடிச்சு முடிச்சுக் கண்ணாடியில பார்த்தா வெத்தலை போட்ட நாக்கு. பையனுக்கு உசிரு.

மூணாவது மான்ஸ்டர். கறுப்புக் கேன்ல பச்சை நகம் கீறின மாதிரி எழுத்து. பெருசு, 350 மில்லி. புளிப்பும் இனிப்பும் சேர்ந்து பச்சை ஆப்பிள் மிட்டாய் மாதிரி. மூணுலயும் எனக்கு இதுதான் வாய்க்கு ஒத்துவந்துது. ஆனா 350 மில்லிய முடிக்கிறதுக்குள்ள சூடாயிடுது. சூடானா எல்லாமே ஒண்ணுதாங்க, இருமல் சிரப்பு.

நாலாவது சக்கரை இல்லாத ஒரு கேன். பேரு வேண்டாம். குடிச்சதுக்கு அப்புறம் காலையில புட்டு திங்கிற வரைக்கும் தொண்டையில ஒரு போலி இனிப்பு ஒட்டிக்கிட்டே இருந்துது.

இப்ப நெசமான பிரச்சினைக்கு வர்றேன். கேன்ல மூடி இல்ல. திறந்தா அங்கேயே முடிச்சாகணும். எனக்கு வேண்டியது ரெண்டு மடக்கு இப்ப, ரெண்டு மடக்கு அரை மணி கழிச்சு. போன மாசம் கியர் பக்கத்துல சொருகி வெச்சிருந்த கேன், கொல்லங்கோட்டுக்கிட்ட ஒரு பள்ளத்துல குதிச்சு சீட்டு, பில்லு, என் வேட்டி எல்லாத்துலயும் அபிஷேகம் ஆயிடுச்சு. மறுநாள் கேபினுக்குள்ள எறும்பு ஊர்வலம். இன்னும் போகல.

எனக்குக் கேள்வி மூணு. ஒண்ணு, 20 ரூபாய் பாட்டிலும் 125 ரூபாய் கேனும் உள்ள ஒண்ணுதானா? ரெண்டு, டாரைன்னு லேபிள்ல போட்டிருக்கே, அது மாட்டுல இருந்து எடுக்கிறதுன்னு வாட்ஸ்அப்புல வருது, நான் தைப்பூசத்துக்குப் பழனிக்கு மாலை போட்டிருக்கேன், குடிக்கலாமா? மூணு, திருகு மூடி போட்ட, ருசியும் சகிக்கிற மாதிரி எதாவது இருக்கா?

—

உடுமலை கூல்பார்:

தம்பி, நீங்க தினம் என் கடை வாசல் வழியாத்தான் போறீங்க. 19 வருஷமா பஸ் ஸ்டாண்டு பக்கம் கடை. ருசியப் பத்தி எனக்குத் தெரியாது, நான் குடிக்கிறது எளநி. ஆனா யார் எதை வாங்குறாங்கன்னு கேளுங்க, சொல்றேன்.

சிவப்பு பாட்டில் தினம் ஒரு பெட்டி உடைக்கிறேன். சென்ட்ரிங் ஆளுங்க, கரும்பு வெட்டுற ஆளுங்க, ஆட்டோ, உங்களாட்டம் வண்டிக்காரங்க. ஒல்லிக் கேன் நாளைக்கு ஒண்ணு, ரெண்டு போகும். அதுவும் மூணாறு போற பைக் பசங்கதான். வாங்கின உடனே குடிக்க மாட்டாங்க. பெட்ரோல் டேங்க் மேல வெச்சு, பேரு தெரியிற மாதிரித் திருப்பி, ஒரு போட்டோ. அப்புறம்தான் "டக்"குன்னு தொறக்குறது. அந்தச் சத்தத்துக்கும் சேர்த்துத்தான் 125 ரூபாய்னு நான் நெனச்சுக்குவேன்.

2025 செப்டம்பர் 22-ல ஜிஎஸ்டி குறைஞ்சப்ப பிஸ்கட், சோப்பு எல்லாம் விலை எறங்குச்சு. இதுக்கு எறங்கலியேன்னு கடைக்கு வந்து சண்டை போட்டவங்க உண்டு. முன்னாடி 28 சதவீதமும் மேல 12 சதவீதம் செஸ்ஸும் இருந்துது, இப்ப ஒரே அடியா 40. ரெண்டும் ஒண்ணுதானே, எங்க இருந்து குறையும்?

ஒரு சங்கதி மட்டும் கவனிங்க. சின்ன பிளாஸ்டிக் பாட்டில் வாங்கறப்ப தேதியப் பாருங்க. கேனுக்கு ஒரு வருஷத்துக்கு மேல தேதி இருக்கும். சின்ன பாட்டிலுக்குச் சில மாசம்தான். பழசானா கேஸ் போயிருக்கும், பாட்டிலை அமுக்கினா வெரல் உள்ள போகும். நல்ல சரக்கு கல்லு மாதிரி இருக்கும். வாசல்ல வெயில்ல அடுக்கி வெச்சிருக்கிற கடையில வாங்கவே வாங்காதீங்க, அது எந்தக் கம்பெனியா இருந்தாலும் சரி.

மூடின்னு கேட்டீங்களே, 2011 வாக்குல ட்ஸிங்கான்னு ஒண்ணு வந்துது. பெங்களூருல மச்சான் வீட்டுக்குப் போனப்பப் பார்த்தேன். நிக்கிற பை, மேல மூக்கு மாதிரி ஒரு குழாய், அதுக்குத் திருகு மூடி. 20 ரூபாய்தான். உங்க வண்டிக்கு அளவெடுத்துச் செஞ்ச மாதிரி இருக்கும். அப்புறம் காணாமப் போச்சு. அதைப் போட்ட கம்பெனிதான் பின்னாடி பேப்பர் போட்னு ஆம் பன்னா, ஜல்ஜீரா எல்லாம் அதே மாதிரிப் பையில போட்டு ஓடுது.

பள்ளிக்கூடப் பசங்க யூனிஃபார்மோட வந்து சிவப்பு பாட்டில் கேட்டா நான் குடுக்கறதில்ல. பக்கத்துக் கடையில வாங்கிக்கிறானுங்க. என்ன பண்றது.

—

சும்மா படிக்கிறவன்:

சுக்கு மல்லி காப்பி குடிங்க பாஸ். நம்ம முன்னோர்கள் முட்டாள்கள் இல்லை.

—

முருங்கை லோடு:

முன்னோர்கள் ராத்திரி ரெண்டு மணிக்குத் தூங்கினாங்க நண்பா. சுக்கு மல்லி ஜீரணத்துக்கு நல்லது. நான் ஜீரணமாகாம முழிச்சிருக்கணும்.

கூல்பார் அண்ணே, ரொம்ப நன்றிங்க. அடுத்த தடவை ஹாரன் அடிக்கிறேன்.

—

லேப் கோட்டு:

அண்ணா, நான் கோயம்புத்தூர்ல ஃபுட் டெக்னாலஜி படிச்சுட்டு ஒரு ஜூஸ் கம்பெனியில குவாலிட்டியில இருக்கேன். எனர்ஜி டிரிங்க் நாங்க போடறதில்ல, அதனால யாருக்கும் சார்பா பேசறேன்னு நெனைக்க வேண்டாம்.

முதல் கேள்வி. நம்ம நாட்டுச் சட்டத்துல இதுக்குப் பேரே எனர்ஜி டிரிங்க் இல்ல. கஃபீன் கலந்த பானம். பாட்டிலைத் திருப்பிப் பாருங்க, அப்படித்தான் போட்டிருக்கும். எஃப்எஸ்எஸ்ஏஐ, அதாவது மத்திய அரசோட உணவுப் பாதுகாப்பு ஆணையம், அதோட விதிப்படி கஃபீன் ஒரு லிட்டருக்கு 145 மில்லிகிராமுக்குக் குறையக் கூடாது, 300-க்கு மேல போகக் கூடாது. பெரும்பாலான கம்பெனிங்க அந்த 300-ஐ ஒட்டித்தான் நிக்கிறாங்க. அப்ப 250 மில்லியில எவ்வளவு? உச்சபட்சம் 75. 20 ரூபாய்க்கும் அதுதான், 125 ரூபாய்க்கும் அதுதான். அமெரிக்காவுல மான்ஸ்டர் 473 மில்லி கேன்ல 160 மில்லிகிராம் இருக்கும். அங்க அளவு வேற, விதி வேற. யூடியூப்ல அவங்க சொல்ற கணக்கை இங்க போடாதீங்க.

ஆக, உங்க கண்ணைத் திறக்கிற சரக்கு ரெண்டுலயும் கிட்டத்தட்ட ஒரே அளவு. மிச்ச வித்தியாசம் எல்லாம் இனிப்பு, எஸன்ஸ், கலர், டப்பா, விளம்பரம்.

இனிப்புல பெரிய வித்தியாசம் உண்டு. ரெட்புல் கேன்ல 100 மில்லிக்கு 11 கிராம் சக்கரை. முழுக் கேனுக்கு 27 கிராம் சொச்சம். நம்ம டீக்கடை ஸ்பூன்ல ஆறு ஸ்பூனுக்குக் கிட்ட. வேற சிலதுல பாதி சக்கரையும் பாதி செயற்கை இனிப்பும் இருக்கும். லேபிள்ல 950, 955-னு நம்பர் தேடுங்க. 950-ன்னா அசிசல்ஃபேம், 955-ன்னா சுக்ரலோஸ். உங்க தொண்டையில புட்டு வரைக்கும் ஒட்டிக்கிட்டு வந்துது பாருங்க, அது இவங்க வேலைதான். சக்கரை நாக்குல சட்டுன்னு வரும், சட்டுன்னு போகும். சுக்ரலோஸ் மெதுவா வந்து, வந்த எடத்துலயே பாய் போட்டுப் படுத்துக்கும்.

330, 331-னு போட்டிருப்பாங்க. எலுமிச்சையில இருக்கிற சிட்ரிக் ஆசிட், அதோட உப்பு. புளிப்பு அதனாலதான். அத்தனை சக்கரைய நாக்கு தாங்கறதும் அந்தப் புளிப்பாலதான். ஒரு டம்ளர் தண்ணியில ஆறு ஸ்பூன் சக்கரை மட்டும் கரைச்சுக் குடிச்சுப் பாருங்க, பாதி கூட எறங்காது. ஜில்லுன்னு இருந்தா இனிப்பு தெரியாது, அதனாலதான் சூடானதும் சிரப்பாத் தெரியுது. உங்க நாக்கு சரியாத்தான் சொல்லியிருக்கு.

பி காம்ப்ளக்ஸ் வாசமும் நெசம். நியாசினமைடு, பி6, பி12 எல்லாம் கலக்குறாங்க. பி2 சேர்த்ததைக் குடிச்சா மறுநாள் ஒண்ணுக்கு மஞ்சளாப் போகும், பயப்படாதீங்க. சத்துக்குறைவு இல்லாதவங்களுக்கு அதனால புதுசா ஒரு தெம்பும் வராது, வேண்டாதது வெளிய போயிடும்.

ரெண்டாவது, டாரைன். அது ஒரு வகை அமினோ அமிலம். 1827-ல ஜெர்மன்காரங்க ரெண்டு பேர் மாட்டுப் பித்த நீருல இருந்துதான் அதை முதல்ல பிரிச்சாங்க. பேரும் அப்படி வந்ததுதான், லத்தீன்ல காளைக்குத் தாரஸ். வாட்ஸ்அப் அந்த 1827-லயே நின்னுடுச்சு. இப்ப ஃபேக்டரியில ரசாயனமாத்தான் செய்றாங்க, மாட்டுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல. பாக்கெட்ல பச்சைப் புள்ளி இருக்கா பாருங்க, இருந்தா சைவம். மாலைக்குத் தோஷம் இல்ல. ஆனா முருகனுக்குச் சிவப்புக் கலர் தண்ணி பிடிக்குமான்னு எனக்குத் தெரியாது.

பாட்டில் விஷயம் எனக்குப் பிடிச்ச சப்ஜெக்ட், கொஞ்சம் நீளமாப் போகும்.

கேனுக்குள்ள ஒரு மெல்லிசான பூச்சு உண்டு. அது இல்லைன்னா புளிப்பு அலுமினியத்தை அரிச்சிடும். கேன் வழியா கேஸும் போகாது, வெளிச்சமும் போகாது. பி2, பி12 ரெண்டும் வெளிச்சம் பட்டா கெட்டுப்போற வைட்டமின், கேன்ல பத்திரமா இருக்கும். பெட் பாட்டில், அதாவது சாதா பிளாஸ்டிக் பாட்டில், அப்படி இல்ல. அதோட சுவர் வழியா கேஸ் கொஞ்சம் கொஞ்சமாக் கசியும். ரெண்டு லிட்டர் பாட்டிலை விட 250 மில்லியில வேகமாப் போகும், ஏன்னா உள்ள இருக்கிற தண்ணி கொஞ்சம், அதைச் சுத்தின பிளாஸ்டிக் அதிகம். கூல்பார் அண்ணன் வெரலால அமுக்கிப் பார்க்கச் சொன்னாரே, நாங்க அதையே மெஷின் வெச்சுப் பார்க்கிறோம்.

இன்னொண்ணு, கேனை நெரப்பி மூடினதுக்கு அப்புறம் சூடு காட்டிக் கிருமிய அழிக்கலாம். பெட் பாட்டிலை 70 டிகிரிக்கு மேல காட்டினா நெளிஞ்சிடும். அதனால பாட்டில்ல பெரும்பாலும் 211 (சோடியம் பென்சோயேட்) மாதிரி, கெடாம வெச்சிருக்கிற பிரிசர்வேட்டிவ் இருக்கும். ஜில்லுன்னு ஆகறதுல கேன்தான் ராஜா, ஐஸ்ல போட்ட கொஞ்ச நேரத்துல ஆயிடும். ஆனா உங்க கைச்சூட்டுலயும் எஞ்சின் சூட்டுலயும் அதே வேகத்துல சூடும் ஆயிடும்.

ஆக, மூடி வேணும்னா பாட்டில். ருசி கெடாம வேணும்னா கேன். ரெண்டும் சேர்ந்து ஒண்ணுல கெடைக்கிறது கஷ்டம்தான் அண்ணா.

ஒரு நாளைக்கு 500 மில்லிக்கு மேல வேண்டாம்னு லேபிள்லயே போட்டிருக்கும். குழந்தைங்க, கர்ப்பமா இருக்கிறவங்க, பால் குடுக்கிறவங்க குடிக்கக் கூடாதுன்னும் போட்டிருக்கும். எழுத்துத்தான் எறும்பு சைஸ்ல இருக்கும். போலந்துல 2024 ஜனவரியில இருந்து 18 வயசுக்குக் கீழ இருக்கிறவங்களுக்கு விக்கவே தடை. நம்ம ஊர்ல உடுமலை அண்ணன் மாதிரி ஆளுங்க மனசுதான் தடை.

—

முருங்கை லோடு:

தங்கச்சி, இவ்வளவு எழுதினதுக்கு ஒரு கட்டு முருங்கைக்காய் கடன்பட்டிருக்கேன்.

500 மில்லின்னு சொன்னதும் ஒண்ணு சொல்லணும்னு தோணுது. கார்த்திகையில ஒரு ராத்திரி பொள்ளாச்சியில ஒரு கேன், வடக்கஞ்சேரியில ஒரு கேன், நடுவுல பையன் மிச்சம் வெச்ச பாட்டில். குதிரான் சுரங்கத்துக்குள்ள நுழைஞ்சப்ப அந்த லைட்டு வரிசை வரிசையா மேல ஓட, என் நெஞ்சும் அதே வேகத்துல ஓடுச்சு. ஸ்டியரிங் புடிச்ச கை நடுங்குது. வெளிய வந்து ஓரங்கட்டி இருபது நிமிஷம் உக்காந்திருந்தேன். வீட்டுக்கு மத்தியானம் வந்து படுத்தா தூக்கமும் வரல. ஃபேனையே பார்த்துக்கிட்டுக் கெடந்தேன். என்ன குடிச்சேன்னு கம்பெனி பேரு சொல்லமாட்டேன், தப்பு அவங்களுது இல்ல, என்னுது.

அப்புறம் மூடிக்கு நானே ஒரு வழி கண்டுபிடிச்சேன். கேனை வாங்கி வீட்டு ஃபிளாஸ்குல ஊத்தி மூடி எடுத்துக்கிட்டுப் போனேன். ஜில்லுன்னு இருக்கும், மூடியும் இருக்குல்ல? நெம்மாறாவுல திருகினேன். டுமீல். மூடி கண்ணாடியில போய் அடிச்சுது. தூங்கிக்கிட்டிருந்த பையன் டயர் வெடிச்சுடுச்சுன்னு கதவைத் தொறந்து குதிக்கப் போயிட்டான். அன்னைக்கு ராத்திரி எங்க ரெண்டு பேருக்கும் அதுக்கப்புறம் தூக்கமே வரல, அந்த வகையில வேலை செஞ்சுதுன்னு வெச்சுக்கலாம்.

—

ஜொகூர்க்காரன்:

ஃபிளாஸ்க் கதையைப் படித்து ஆபீஸில் சத்தமாகச் சிரித்துவிட்டேன், மேனேஜர் திரும்பிப் பார்க்கிறார். நான் மலேசியா, ஜொகூர் பாரு. அப்பா முப்பது வருடம் லோரி ஓட்டியவர், அதனால் இந்தக் கேள்வி எங்கள் வீட்டுக் கேள்வி.

அண்ணனுக்கு வேண்டியது கேஸ் இல்லாத ரெட்புல். சிரிக்காதீர்கள், இங்கே இருக்கிறது. தங்க நிறக் கேன், அதே 250 மில்லி, குட்டையாகக் குண்டாக இருக்கும். கேஸ் கிடையாது. கொஞ்சம் கெட்டியாக, பாகு போல இனிப்பு. எங்கள் அப்பா அதைத் திறந்து ஐஸ் போட்ட பெரிய பிளாஸ்டிக் தம்ளரில் ஊற்றி மூடிவிடுவார், சிங்கப்பூர் போய்த் திரும்பும் வரை ஓடும். நீலக் கேனை அவர் தொடவே மாட்டார். "அது காற்றுக்குக் காசு" என்பார்.

உண்மையில் தங்கக் கேன்தான் பழைய வழி. தாய்லாந்தில் சலியோ யூவித்யா என்பவர் 1970-களில் கிராதிங் டேங் என்று 150 மில்லி பழுப்புக் கண்ணாடி பாட்டிலில் போட்டார். லோரிக்காரர்களும் கூலியாட்களும்தான் குடித்தார்கள். கிராதிங் என்றால் காட்டுமாடு, டேங் என்றால் சிவப்பு. உங்கள் டாப்ஸ்லிப்பில் நிற்குமே, காலுக்கு வெள்ளை சாக்ஸ் போட்ட மாதிரி, அதே மாடு. டிட்ரிச் மாட்டெஷிட்ஸ் என்ற ஆஸ்திரியாக்காரர் அதைக் குடித்துப் பார்த்து, பிடித்துப்போய், அவரோடு கூட்டுச் சேர்ந்து, கேஸ் ஏற்றி, இனிப்பை மாற்றி, ஒல்லிக் கேனில் போட்டு 1987-ல் அங்கே விற்கத் தொடங்கினார். லோரிக்காரன் குடித்த மருந்து பாட்டில், ஊர் சுற்றி வந்து பைக் பையன்கள் போட்டோ எடுக்கும் கேன் ஆகிவிட்டது.

அதற்கும் முன்னால் ஜப்பானில் லிபோவிட்டான் டி, 1962. 100 மில்லி பழுப்புக் கண்ணாடி பாட்டில், 1000 மில்லிகிராம் டாரைன், திருகு மூடி. நம் ஊர் டானிக் பாட்டில் மாதிரியே இருக்கும். லேப் கோட்டு தங்கை சொன்ன வெளிச்சக் கணக்கைப் பார்த்தால் பழுப்புப் பாட்டில்தான் வைட்டமினுக்கு நல்லது போல.

அப்பா இப்போது ரிட்டயர். இப்போதும் மத்தியானம் ஒரு தங்கக் கேன் கேட்பார், டாக்டர் வேண்டாம் என்றதும் 100 பிளஸ் என்ற பானத்துக்கு மாறிவிட்டார். அதில் கஃபீன் கிடையாது, உப்பும் சக்கரையும்தான். வியர்வைக்கு நல்லது, தூக்கத்துக்கு ஒன்றும் செய்யாது. இரண்டையும் ஒரே அலமாரியில் வைப்பதால் நிறையப் பேர் ஒன்று என்றே நினைக்கிறார்கள்.

—

லேப் கோட்டு:

ஜொகூர் அண்ணா சொன்ன கடைசி விஷயம் இங்கயும் இருக்கு. வெயில்ல வேலை செஞ்சு மயக்கம் வர்றவங்களுக்குச் சிவப்பு பாட்டில் வாங்கிக் குடுக்கிறதை நானே பார்த்திருக்கேன். அவங்களுக்கு வேண்டியது மருந்துக்கடையில விக்கிற ஓஆர்எஸ் பொடி, இல்லைன்னா உப்புப் போட்ட மோர்.

முருங்கை அண்ணா, கஃபீன் வேலை செய்ய இருபது, முப்பது நிமிஷம் ஆகும். குடிச்சதுல பாதி உடம்பை விட்டுப் போகவே சுமார் அஞ்சு மணி நேரம் ஆகும். வடக்கஞ்சேரியில ரெண்டரைக்குக் குடிச்சா காலையிலயும் பாதி உள்ள சுத்திக்கிட்டிருக்கும், நீங்க எப்படித் தூங்குவீங்க? முதல் மடக்கைக் கண்ணு சொருகினதுக்கு அப்புறம் குடிக்காதீங்க, கோவிந்தாபுரத்துலயே குடிச்சுட்டு இருபது நிமிஷம் சாஞ்சுடுங்க. எந்திரிக்கறப்ப அது வேலைய ஆரம்பிச்சிருக்கும்.

அப்புறம், வரக்காப்பி யோசிச்சீங்களா? காப்பித்தூள் பாக்கெட்ல சிக்கரி எவ்வளவுன்னு போட்டிருக்கும், 49 சதவீதம் வரைக்கும் கலக்கச் சட்டம் விடுது. சிக்கரியில கஃபீன் கிடையாது. 80:20 தூள் 10 கிராம் போட்டா அதுல காப்பி 8 கிராம். கொட்டை அராபிகா வகைன்னா 95 மில்லிகிராம் மாதிரி, ரொபஸ்டா வகைன்னா 175 வரைக்கும் கஃபீன் இருக்கும், டிகாக்‌ஷன்ல முழுசும் எறங்காது. எப்படிப் பார்த்தாலும் உங்க கேனுக்கு அது சளைச்சது இல்ல. கேஸும் இல்ல, டுமீலும் இல்ல.

—

முருங்கை லோடு:

ஒரு வாரம் கழிச்சு வர்றேன், மன்னிக்கணும். பொங்கல் லோடு.

தங்கச்சி சொன்னபடி செஞ்சு பார்த்துட்டேன். வீட்டுக்காரி 80:20 தூள் வாங்கி டிகாக்‌ஷன் எறக்கி, வெந்நி கலந்து, கொஞ்சம் கருப்பட்டி போட்டு அரை லிட்டர் ஸ்டீல் பாட்டில்ல ஊத்திக் குடுத்தா. திருகு மூடி, வாய் சின்னது. ராத்திரிக்குப் பதினஞ்சு ரூபாய்க்குள்ள முடிஞ்சுது. கோவிந்தாபுரத்துல நாலு மடக்கு, போன்ல இருபது நிமிஷம் அலாரம், ஸ்டியரிங் மேல தலை. முதல் நாள் தூங்கவே இல்ல, சும்மா கண்ண மூடிக்கிட்டு முருங்கை விலைய நெனச்சுக்கிட்டிருந்தேன். மூணாவது நாள் அலாரம் அடிச்சது கேக்கல, பையன் உலுக்கி எழுப்பினான். நெம்மாறா தாண்டுனதே தெரியல.

ருசிய மட்டும் வெச்சுச் சொல்லுன்னா, பனி கொட்டுற மார்கழியில கருப்பட்டி வரக்காப்பி கிட்ட எந்தக் கேனும் நிக்காது. ஆனா சித்திரை வெயில்ல, பகல் லோடுல, ஐஸ் பெட்டியில இருந்து எடுத்த அந்தக் கறுப்புக் கேன் மொத மூணு மடக்கு இருக்கே, அதை நான் விட்டுக்குடுக்க மாட்டேன். அதுக்கப்புறம் மிச்சத்தைப் பையனுக்குக் குடுத்துடுவேன்னு நெனச்சேன், அவன் சிவப்புதான் வேணும்கிறான். வரக்காப்பிய ஒரு வாய் குடிச்சுட்டு "எங்க தாத்தா செத்தப்ப குடுத்தாங்க"ன்னான். அவனுக்கு வயசு 19. ஒரு நாளைக்கு ஒண்ணுதான்னு சொல்லியிருக்கேன், கூல்பார் அண்ணே, ரெண்டாவது கேட்டா குடுக்காதீங்க.

இன்னொரு ஆராய்ச்சியும் நடந்துது. சீட்டுல சக்கரைக் கேன் கொட்டின எடத்துல இன்னும் எறும்பு மொய்க்குது. கதவுப் பக்கம் அந்தச் சக்கரை இல்லாத கேனும் கொஞ்சம் கொட்டியிருந்தேன், அங்க ஒண்ணு கூட வரல. மோந்து பார்த்துட்டுத் திரும்பிப் போகுது. தங்கச்சி, இதை உங்க லேப்ல எழுதி வெச்சுக்கங்க.

சரி, அந்த எறும்புக்கு யாராச்சும் ஒரு வழி சொல்லுங்களேன். மஞ்சத்தூள் போட்டாச்சு, டெட்டால் விட்டுத் தொடச்சாச்சு, ஸ்பான்ஜுக்குள்ள போய்க் குடும்பம் நடத்துது.

—

உடுமலை கூல்பார்:

சீட்டைக் கழட்டி வெந்நி ஊத்தி ஒரு நாள் வெயில்ல காயப்போடுங்க தம்பி. மேல மேல தொடச்சா போகாது, சக்கரை அடியில எறங்கியிருக்கும். நட்டு நாலுதான். ஞாயித்துக்கெழமை வண்டி நிக்குமில்ல, கடைக்கு வாங்க, 13 நம்பர் ஸ்பானர் இருக்கு.